விளக்கெரியும் அரண்மனை

ஆசிரியருக்கு வணக்கம். சென்ற மாதம் ரோமில் பலாஸ்ஸோ ஃபர்னேஸே அரண்மனையைப் பார்த்தேன். அதில் பிரெஞ்சுத் தூதரகம் இயங்குகிறது. வாடகை பெயரளவுக்கு 1 யூரோதான் என்று கேட்டபோது மனம் கசந்தது. இங்கே தில்லியில், மகாராஜாக்களின் மாளிகைகளில் ஜெய்ப்பூர் ஹவுஸுக்குக் கலைக்கூடமாகும் பேறு கிடைத்தது. பரோடா ஹவுஸோ ரயில்வே அலுவலகமாகிவிட்டது. இது அவமானம் இல்லையா? அந்த ரோமானிய அரண்மனையில் மைக்கலாஞ்சலோ கட்டிய பகுதி எது?

ஆர்., மயூர் விஹார், தில்லி

அன்புள்ள ஆர்.,

வேற்று நாட்டுக் கட்டடம் ஒன்றுக்காக வருந்தும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அரண்மனையை வடிவமைத்தவர் இளைய அந்தோனியோ டா சங்கால்லோ. 1546இல் அவர் இறந்த பிறகு பொறுப்பேற்ற மைக்கலாஞ்சலோவின் கைவண்ணம் உச்சியில் ஓடும் கனத்த கொடுங்கையிலும், வாயிலுக்கு மேலுள்ள நடுச் சாளரத்திலும், உள்முற்றத்தின் மேல்தளத்திலும் தெரியும். கொடுங்கையின் ஒரு துண்டை முழு அளவில் மரத்தில் செய்து, மூலையில் ஏற்றி வைத்துப் பார்த்த பிறகே கல்லில் அமைத்தார்கள்.

வாடகையைப் பற்றிய உங்கள் கசப்புக்கு அடிப்படை இல்லை. 1911இல் அந்த அரண்மனையைப் பிரான்சு விலைக்கே வாங்கியிருந்தது. 1936இல் இத்தாலி அதைத் திரும்பப் பெற்று பிரான்சுக்கே 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. பாரிசில் இத்தாலியத் தூதரகத்துக்கும் அதுபோலவே ஒரு மாளிகை கிடைத்தது.

ஆனால் 'அவமானம்' என்று எழுதினீர்களே, அதை என்னால் ஏற்க முடியாது. சுவரில் ஓவியம் மாட்டினால் பெருமை, அலமாரியில் கோப்பு அடுக்கினால் இழிவு என்று யார் உங்களுக்குச் சொன்னது? அதைக் கட்டிய ஃபர்னேஸே குடும்பத்தின் மரபு அற்றுப்போனபின் அந்த அரண்மனைக்கு உரிமையாளர்களான நேப்பிள்ஸ் அரசர்களே அங்கிருந்த புகழ்பெற்ற ஹெர்குலிஸ் சிலையையும் காளைச் சிற்பத்தையும் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஓவியர் அன்னிபாலே கராச்சி அங்கே 1597இல் தீட்டத் தொடங்கிய விதான ஓவியம், சுவரோடு சேர்ந்த சுதையில் இருந்ததால் தப்பியது. அரண்மனையைப் பாழாக்குவது பூட்டுத்தான், குடியிருப்பவர் அல்லர். தினமும் விளக்கேற்றிச் சாளரம் திறக்கும் ஒருவர் இருந்தால்தான் எந்த ஓடு நகர்ந்தது, எந்தக் குழாய் அடைத்தது என்பது வெள்ளம் இறங்குமுன் தெரியவரும்.

பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாடுக்காக ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து 1936இல் முடிந்த அந்தப் பரோடா ஹவுஸில்தான் என் தந்தை குமாஸ்தாவாக இருந்தார். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். மழைக்காலத்தில் அவர் நாற்காலியில் உட்காருமுன் நான்கு மூலைகளையும் அண்ணாந்து பார்ப்பார். கையகல ஈரக்கறை தென்பட்டாலும் அன்றே குறிப்பெழுதி அனுப்புவார், கொத்தனார் வரும்வரை விடமாட்டார். மகாராஜா தன் வீட்டு விதானத்தை அத்தனை முறை பார்த்திருக்க வாய்ப்பில்லை, ஆர். ஓய்வுபெற்ற நாளன்று, தன் இடத்துக்கு வந்த இளைஞரிடம் கோப்புகளை ஒப்படைக்குமுன், ஈரம் முதலில் இறங்கும் மூலையைக் காட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினார்.