நாலு வருட வேலை இடைவெளியை எங்கே ஒளிப்பது?

கேள்வி: எனக்கு 37 வயது. தாம்பரத்தில் இருக்கிறோம். ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தில், இன்சூரன்ஸ் ப்ராஜெக்ட்டில் ஏழு வருடம் மேனுவல் டெஸ்டிங் (சாஃப்ட்வேரைக் கையால் இயக்கிச் சோதிப்பது) பார்த்தேன். கைக்குழந்தை, மாமியாருக்கும் உடம்பு சரியில்லை என்று 2021 டிசம்பரில் வேலையை விட்டேன். பையன் இப்போது யூகேஜி. மறுபடியும் வேலைக்குப் போக நினைக்கிறேன். ஒரு கன்சல்டன்சியில், இந்த நாலு வருடமும் வேலை பார்த்த மாதிரியே பேப்பர் ரெடி பண்ணித் தருகிறோம், 60 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். என் கணவரோ, "டெஸ்டிங்கை எல்லாம் ஏஐ எடுத்துக்கும், வேற ஏதாவது கோர்ஸ் படி" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்த 60 ஆயிரம். கொடுத்துவிடாதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் போனது போகட்டும், மீதியைக் கொடுக்காதீர்கள்.

இதைத் தர்ம நியாயத்துக்காகச் சொல்லவில்லை. மாட்டிக்கொள்வீர்கள், அதனால் சொல்கிறேன். ஆஃபர் கைக்கு வந்ததுமே யூஏஎன் எண்ணை, அதாவது உங்கள் பிஎஃப் கணக்குகளுக்கான பொது எண்ணைக் கேட்பார்கள். பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எந்தத் தேதி விலகினீர்கள் என்று வரிசையாக இருக்கும். அதில் 2021 டிசம்பரோடு கோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டினால் ஃபார்ம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்குக் கம்பெனி தரும் சான்று) கேட்பார்கள், சம்பளம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். சில கன்சல்டன்சிகள் ஒரு லெட்டர்பேடு கம்பெனியைக் காட்டி, போன் போட்டால் "ஆமாம், எங்களிடம்தான் வேலை பார்த்தார்" என்று சொல்ல ஓர் ஆளையும் வைத்திருப்பார்கள். பெரிய நிறுவனங்கள் அப்படிப்பட்ட கம்பெனிகளின் பெயர்களைத் தனியாகப் பட்டியல் போட்டே வைத்திருக்கின்றன. வேலையில் சேர்ந்து மூன்று மாதம் கழித்து வெரிஃபிகேஷன் ரிப்போர்ட் வந்து, மத்தியானம் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் லிஃப்ட் வரைக்கும் டிபன் பாக்ஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். உங்களிடம் இருக்கும் ஏழு வருட நிஜ அனுபவத்தையும் அந்த ஒரு பேப்பர் சேர்த்துக் கெடுத்துவிடும்.

பேப்பர் மாட்டுவதற்கு முன்பே வாய் காட்டிக்கொடுத்துவிடும் என்பது இன்னொன்று. டெஸ்டிங் டீமுக்கு ஆள் எடுக்கும்போது நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ரொம்பச் சாதாரணமானது (பில்ட் என்றால் சோதிக்கத் தரும் சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு): "நேத்து ராத்திரி புது பில்ட் வந்திருக்கு. காலையில ஆபீஸ் வந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க?" போலி அனுபவத்தோடு வருகிறவர், "ஸ்மோக் டெஸ்டிங் என்பது..." என்று மனப்பாடம் செய்த விளக்கத்தை ஆரம்பிப்பார். நிஜமாக வேலை பார்த்தவருக்கு லேசாகச் சிரிப்பு வரும். "முதல்ல லாகின் ஆகுதான்னு பார்ப்பேன் மேடம். பாதி நாள் அதுவே ஆகாது" என்பார். நாலு வருட கேப் இருந்தாலும் அந்தச் சிரிப்பு உங்களுக்கு வரும்.

அப்போது கேப்பை என்னதான் செய்வது? ரெஸ்யூமில் அப்படியே போடுங்கள். "2021 டிசம்பர் முதல்: குடும்பப் பொறுப்புக்காக வேலை இடைவெளி" என்று ஒரே வரி. நேர்காணலில் கேட்டால் இரண்டு வாக்கியம் போதும்: "வீட்டுக் காரணத்துக்காக விட்டேன், அது இப்போ சரியாயிடுச்சு. மூணு மாசமா இதைச் செஞ்சிட்டிருக்கேன், பாக்குறீங்களா?" அத்தோடு லேப்டாப்பைத் திறந்துவிடுங்கள். மாமியாரின் மருத்துவ விவரம் எல்லாம் வேண்டாம். பெண்கள் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்கிற குரலில் பேச ஆரம்பித்துவிடுகிறோம், எதிரே இருப்பவர் உடனே சம்பளத்தைக் குறைத்துப் பேச ஆரம்பித்துவிடுகிறார். "இன்னொரு குழந்தை பிளான் இருக்கா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "வேலை நேரம் என்னன்னு சொல்லுங்க, அதுக்கு என்னால வர முடியுமான்னு சொல்றேன்" என்று பேச்சை வேலைக்குத் திருப்பிவிடுங்கள்.

லேப்டாப்பைத் திறந்தால் அதில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் உங்கள் மூன்று மாதமும் போக வேண்டும். எல்லோரும் டூலில் ஆரம்பிப்பார்கள். உங்களை இன்சூரன்ஸில் ஆரம்பிக்கச் சொல்கிறேன். ஏழு வருடம் பார்த்த துறை அது. நீங்கள் வீட்டில் இருந்த நாலு வருடத்தில் அங்கே என்னென்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். பாலிசி பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ லுக் காலம் நீங்கள் இருந்தபோது பெரும்பாலும் 15 நாள். 2024 முதல் 30 நாள். தனிநபர் ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது.

படிக்கிறவருக்கு இது செய்தி. டெஸ்டருக்கு இதிலேயே ஒரு வாரத்து வேலை இருக்கிறது. ஒருவருக்கு ஆண்டு பிரீமியம் செப்டம்பர் 10-ஆம் தேதி கட்ட வேண்டியது, 30 நாள் கிரேஸ் (கெடு தாண்டியும் தரும் அவகாசம்) இருக்கிறதே என்று 25-ஆம் தேதி கட்டுகிறார். சிஸ்டம் வரி போடுமா, போடாதா? செப்டம்பர் 15-இல் வரியோடு பாலிசி எடுத்தவர் அக்டோபர் 5-இல் ஃப்ரீ லுக்கில் திருப்பித் தருகிறார். ரீஃபண்டு எவ்வளவு? கம்பெனி எடுத்த குரூப் பாலிசிக்கு வரி அப்படியேதான் இருக்கிறது. தனிநபர் பாலிசிக்குப் போட்ட மாற்றம் தெரியாமல் அதையும் தொட்டுவிட்டதா? பிறந்த தேதி பிப்ரவரி 29 என்றால் வயதுக் கணக்கு எப்படி வருகிறது, கடந்த பிறந்தநாள் வயதா, பக்கத்தில் இருக்கும் பிறந்தநாள் வயதா? இப்படி 40 டெஸ்ட் கேஸ் (எதைக் கொடுத்தால் என்ன வர வேண்டும் என்ற குறிப்பு) எழுதி ஒரு ஷீட்டில் வையுங்கள். எந்தக் கோர்ஸ் சர்டிஃபிகேட்டையும்விட அந்த ஷீட்டை நான் அதிக நேரம் பார்ப்பேன்.

அப்புறம் டூல். மேனுவல் டெஸ்டிங் மட்டும் தெரியும் என்றால் இன்று கதவு குறுகல்தான், அதை மறைக்க முடியாது. டெஸ்டைத் தானாக ஓட்டும் டூல்களான செலினியம், பிளேரைட் இரண்டில் ஒன்றை எடுங்கள். செலினியம் 2004-இல் வந்தது, பழைய ப்ராஜெக்ட்டுகளில் இன்றைக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பிளேரைட் 2020-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அதன் பக்கம் போகிறார்கள். (செலினியம் என்ற பெயரே ஒரு கிண்டல். அந்தக் காலத்தில் இந்தச் சந்தையில் பெரிய ஆள் மெர்க்குரி (பாதரசம்) என்ற கம்பெனி. பாதரச விஷத்துக்கு செலினியம் மருந்து என்று ஜோக் அடித்து அந்தப் பெயரை வைத்தார்கள்.) என் யோசனை பிளேரைட். இன்ஸ்டால் செய்வது சுலபம், குழந்தை தூங்கும் ஒரு மணி நேரத்தில் ஒரு ஸ்கிரிப்ட்டாவது ஓடிவிடும். அந்த 40 கேஸில் பத்தை மட்டும் ஆட்டோமேட் செய்யுங்கள், போதும். கூடவே போஸ்ட்மேன் என்ற டூலில் ஏபிஐ (இரண்டு சாஃப்ட்வேர்கள் பேசிக்கொள்ளும் வழி) சோதிக்கப் பழகிக்கொள்ளுங்கள். சர்டிஃபிகேட் வேண்டும் என்றால் டெஸ்டர்களுக்கான சர்வதேசத் தேர்வான ஐஎஸ்டிகியூபியின் ஆரம்ப நிலை, ஃபவுண்டேஷன் ஒன்று போதும்: 40 கேள்வி, ஒரு மணி நேரம், 26 சரியாக இருந்தால் பாஸ். இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. ஸ்கிரிப்ட் எழுதும் வேலையை ஏஐ நன்றாகவே செய்கிறது. நீங்களும் அதையே எழுதச் சொல்லுங்கள். பிறகு அது எழுதியதில் எதை விட்டது என்று தேடுங்கள். "பிரீமியம் கால்குலேட்டருக்கு டெஸ்ட் கேஸ் கொடு" என்றால் பொதுவான கேஸ் நிறைய வரும். செப்டம்பர் 25-ஆம் தேதி கிரேஸில் பணம் கட்டுகிறவர் அதில் வந்திருக்கிறாரா என்று பார்க்க, அப்படி ஒரு ஆள் இருப்பார் என்று தெரிந்திருக்க வேண்டும். ஏஐ விட்டுவிட்டதையும் அந்த ஷீட்டிலேயே தனிப் பக்கமாகக் குறித்து வையுங்கள். நேர்காணலில் ஏஐ பற்றிக் கட்டாயம் கேட்பார்கள், அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

எங்கே தேடுவது? இடைவெளிக்குப் பின் வரும் பெண்களுக்கென்றே சில கதவுகள் உண்டு. டாடா குழுமம் 2008-லேயே இரண்டாவது வேலைப் பயணத்துக்கென ஒரு இன்டர்ன்ஷிப் திட்டம் கொண்டுவந்தது. சென்னையில் சௌந்தர்யா ராஜேஷ் ஆரம்பித்த அவதார் நிறுவனம் இப்படிப்பட்ட பெண்களை வேலையில் சேர்ப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. இவற்றில் பதிந்து வைக்கலாம், ஆனால் இவற்றை மட்டும் நம்பி உட்காராதீர்கள். பழைய டீம் ஆட்களுக்கு ஒரு மெசேஜ் போட்டால் அதைவிடச் சீக்கிரம் காரியம் நடக்கும். உங்களோடு வேலை பார்த்தவர்கள் இப்போது லீடாக, மேனேஜராக இருப்பார்கள். ஆறு மாதக் கான்ட்ராக்ட் வந்தாலும் தட்ட வேண்டாம். பிஎஃப் கோடு மறுபடி ஓட ஆரம்பித்துவிடும், அடுத்த கம்பெனி கேப்பைப் பற்றிப் பேசும் விதமே மாறிவிடும்.

வேலை நேரத்துக்கு வருகிறேன். சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "கிளையன்ட் எந்த நாடு?" லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. கிளையன்ட்டோடு பேசும் மீட்டிங்குகள் மாலைக்குள் முடிய வாய்ப்பு உண்டு. நியூயார்க்கில் காலை 9 என்றால் நமக்குச் சாயங்காலம் 6.30, நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் 7.30. அதாவது உங்கள் பையன் சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்து, தூக்கத்துக்கு அழுகிற நேரம். நான் பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய வருடம் இந்தக் கணக்குத் தெரியாமல் அமெரிக்க ப்ராஜெக்ட்டை வாங்கிக்கொண்டேன். மியூட் பட்டனில் ஒரு விரல், சாதம் பிசைவது இன்னொரு கை. ஒரு நாள் மியூட் போடாமல், "வாயைத் திற, ஆ காட்டு" என்று 14 பேர் இருந்த மீட்டிங்கில் சொல்லித் தொலைத்தேன்.

2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, மாலை 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் பெண்ணை வேலை செய்யவைக்க அவருடைய சம்மதம் வேண்டும். நடைமுறையில் அந்தச் சம்மதம், சேரும் நாளில் நீட்டும் ஒரு கட்டுப் பேப்பரில் நடுவில் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாரத்துக்கு எத்தனை நாள் ஆபீஸ், கம்பெனி பஸ் தாம்பரம் வழி வருமா என்பதையும் ஆஃபர் வாங்கும் முன்பே ஹெச்ஆரிடம் மெயிலில் கேட்டுப் பதிலை வாங்கிவிடுங்கள். வாய்ப் பேச்சு நிற்காது. தாம்பரத்திலிருந்து ஓஎம்ஆரில் இருக்கும் சிறுசேரிக்குத் தினம் போய் வருவது என்றால் பையனின் பள்ளி விடும் நேரத்துக்கும் நீங்கள் வீடு சேரும் நேரத்துக்கும் நடுவே நாலு மணி நேரம் ஓட்டை இருக்கும். டே கேரா, மாமியாரா, கணவரின் வீட்டிலிருந்து வேலை நாட்களா என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டிய ஒன்று. யூஏஎன் தளத்தில் நுழைந்து உங்கள் பெயரைப் பாருங்கள். ஆதாரில் அப்பாவின் இனிஷியல், பான் கார்டில் அதையே விரித்து முழுப்பெயர், கல்யாணத்துக்குப் பிறகு எதிலோ கணவர் பெயர் என்று நம் ஊரில் ஒரே பெண் மூன்று பெயரில் இருப்பாள். பழைய மொபைல் எண்ணைத் தூக்கிப் போட்டிருந்தால் ஓடிபியும் வராது. ஆஃபர் வந்த பிறகு திருத்த ஓடினால் சேரும் தேதி தள்ளிப்போகும். யூஏஎன், ஆதார், பான் மூன்றிலும் பெயர், பிறந்த தேதி, மொபைல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கு அப்புறம் பிளேரைட்டை இன்ஸ்டால் செய்யுங்கள்.