'டெட்லைன்' என்ற சொல்லுக்குள் சாவு எப்படி வந்தது?

வேலையை முடிக்க வேண்டிய கடைசி நேரத்தைக் குறிக்கும் சொல்லில் 'டெட்' எதற்கு என்பது கேள்வி. இந்தச் சொல் முதலில் காலத்தைக் குறிக்கவே இல்லை. தரையில் போடப்பட்ட ஓர் எல்லையைக் குறித்தது, அதைத் தாண்டியவர்கள் உண்மையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 பிப்ரவரியில், தென்மாநிலக் கூட்டமைப்பினர் ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில்லில் ஒரு போர்க்கைதி முகாமைத் திறந்தனர். சுமார் 10,000 பேருக்கெனத் திட்டமிடப்பட்ட அந்த முகாமில், அதே ஆண்டு ஆகஸ்டில் 32,000 பேருக்கு மேல் அடைபட்டுக் கிடந்தனர். நெடிய மரங்களை நெருக்கமாக நட்டு எழுப்பியிருந்த மதிலுக்கு உட்புறம், ஏறத்தாழ 19 அடி தள்ளி, கம்பங்களின் மேல் மெல்லிய மரச்சட்டம் அடித்த தாழ்ந்த வேலி ஒன்று ஓடியது. அதைத்தான் 'டெட்லைன்' என்றார்கள். யாரையும் தடுத்து நிறுத்தும் வலு அதற்கு இல்லை. தடுக்கும் வேலையை மதில்மேல் காவல் மேடைகளில் நின்றவர்களின் துப்பாக்கிகள் பார்த்துக்கொண்டன. கலங்காத ஓடைநீரை அள்ளுவதற்காக அந்தச் சட்டத்துக்கு அடியில் கை நீட்டியவர்களும் சுடப்பட்டதாகக் கைதிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். முகாமை நடத்திய ஹென்றி வர்ஸ் 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர்மீதான குற்றப்பத்திரிகையிலேயே இந்தச் சொல் இடம்பெற்றிருந்தது.

இந்தச் சிறைமுகாமிலிருந்து சொல் நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்குத் தாவியது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது அவசரமான முடிவாகவே படுகிறது, ஏனெனில் இடைப்பட்ட காலத்தில் சொல்லின் கடுமை தணிந்துவந்ததைப் பார்க்க முடிகிறது. நியூயார்க் காவல்துறையின் தாமஸ் பைர்ன்ஸ் 1880இல் ஃபுல்டன் தெருவை இப்படியோர் எல்லையாக அறிவித்து, அதற்குத் தெற்கே, வங்கிகள் நிறைந்த வால் தெருப் பக்கம் தென்படும் பழங்குற்றவாளிகளைக் கைது செய்ய உத்தரவிட்டார். அங்கே மீறலுக்குத் தண்டனை சாவு அல்ல, கைதுதான். அடுத்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அச்சு இயந்திரத்தில் அச்செழுத்துகளை அடுக்கி வைக்கும் தட்டையான படுகையில் எழுத்துகள் சரியாகப் பதியும் பரப்பின் எல்லையைக் காட்டும் கோட்டுக்கும் இதே பெயர் வழங்கியது. அச்சுக்கூடமும் ஆசிரியர் குழுவும் அன்றாடம் சேர்ந்தே இயங்கிய தொழிலில், அந்தக் கோடும் சொல்லுக்குப் புதுப் பொருள் கிடைக்க உதவியிருக்கலாம் என்பது என் ஊகம். எப்படியானாலும், 1920 வாக்கில் அமெரிக்கப் பத்திரிகையாளர்களிடையே அது கடைசி நேரம் என்ற பொருளில் புழங்கியது: அந்த நேரத்தைத் தாண்டி வரும் செய்திக்கு அன்றைய பதிப்பில் இடமில்லை.