மணியை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் நாட்டு நாய் மணிக்கு இரண்டு வயது. ஐந்து மாதக் குட்டியாக இருந்தபோது தெருவிலிருந்து எடுத்து வந்தோம். வீட்டுக்குள் அவனைப் போல் ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. ஆனால் காலையில் வெளியே அழைத்துப் போகும்போது வேறொரு நாய் கண்ணில் பட்டால் போதும், குரைத்துக்கொண்டு பாய்கிறான். என்னால் பிடிக்க முடியவில்லை. எங்கள் பகுதி மைதானத்தில் ஞாயிறுதோறும் நாய்களுக்கான கூட்டுப் பயிற்சி வகுப்பு நடக்கிறது. ஒரே நேரத்தில் பன்னிரண்டு நாய்கள், ஒரு பயிற்சியாளர், எட்டு வாரம், கட்டணம் முழுவதும் முன்பணம். 'மற்ற நாய்களோடு பழகினால் சரியாகிவிடும்' என்கிறாள் தோழி. மாமனாரோ, 'கழுத்தை இறுக்கும் சங்கிலி போட்டு நாலு இழுப்பு இழுத்தால் அடங்கிவிடும், யார் எசமான் என்று அதற்குத் தெரிய வேண்டும்' என்கிறார். சேர்க்கலாமா?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: சகோதரி, இப்போது சேர்க்காதீர்கள். உங்களுக்கும் மணிக்கும் பயிற்சி கட்டாயம் வேண்டும், அதைத் தள்ளிப்போடவும் கூடாது. ஆனால் பன்னிரண்டு நாய்கள் நிற்கும் மைதானத்தில் அதைத் தொடங்கக் கூடாது.

கூட்டு வகுப்பில் பாடம் படிப்பது பெரும்பாலும் நாயை வளர்ப்பவர்தான். கயிற்றைத் தளர்வாகப் பிடிப்பது, எந்த நொடியில் தின்பண்டத்தைக் கொடுப்பது, 'உட்கார்' என்பதை நான்கு முறை கத்தாமல் ஒரு முறை சொல்லிவிட்டுக் காத்திருப்பது, இவையெல்லாம் நம் கைக்கும் வாய்க்கும் வர வேண்டிய பழக்கங்கள். முதன்முதலாக நாய் வளர்ப்பவர்களுக்கு இந்த வகுப்புகள் நல்லவை. தனிப் பயிற்சியைவிடச் செலவும் குறைவு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பேர் என்றால் பயிற்சியாளர் உங்கள் பக்கம் நிற்பது ஐந்து நிமிடம். மீதி நேரம் முழுவதும் மணி மற்ற நாய்களைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சாதுவான நாய்க்கு அந்தக் காத்திருப்பே ஒரு பயிற்சி. மணிக்கோ அது வாரம் ஒரு முறை குரைத்துப் பழகும் இடமாகிவிடும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கோழி இறைச்சியை வெங்காயம், மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்துச் சிறு துண்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். (வெங்காயம் நாய்க்கு நஞ்சு.) வீட்டில் அவன் அதைப் பாய்ந்து தின்பான். வெளியே, தூரத்தில் ஒரு நாய் தெரியும்போது அதே துண்டை நீட்டுங்கள். வாங்கித் தின்றுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்தத் தூரத்தில் அவனால் பாடம் படிக்க முடியும். முகர்ந்துகூடப் பார்க்காமல் எதிர்நாயையே வெறித்தால், வாயைச் சப்புக்கொட்டினால், கொட்டாவி விட்டால், வாலை இடுக்கிக்கொண்டால், அவன் பயத்தில் இருக்கிறான். அந்த நிலையில் எந்தச் சொல்லும் அவன் காதில் ஏறாது. அவன் தின்னும் தூரம் நாற்பது அடி என்றால், பத்தடிக்கு ஒரு நாய் நிற்கும் வகுப்பு அவனுக்கு எதையும் கற்றுத்தரப் போவதில்லை.

உங்கள் தோழி சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது குட்டிகளுக்குப் பொருந்தும் உண்மை. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரை குட்டி எதைப் பார்த்தாலும் பயத்தைவிட ஆர்வம் மிகுந்திருக்கும். அந்த வயதில் கூட்டு வகுப்பு அருமையான ஏற்பாடு. குட்டி வைத்திருக்கும் வாசகர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: முதல் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் முடிந்து, ஊசி போட்டு ஏழு நாளாவது கழிந்திருந்தால், ஏழெட்டு வாரக் குட்டியையே வகுப்புக்கு அனுப்பலாம் என்பது அமெரிக்காவின் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2008-இல் வெளியிட்ட நிலைப்பாடு. ஆனால் குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய குடல்நோயைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே கழுவிச் சுத்தம் செய்யும் தரை இருக்கும் இடமாகப் பாருங்கள். தெரு நாய்கள் வந்துபோகும் திறந்த மைதானம் குட்டிக்கு ஆகாது. மணி அந்தப் பருவத்தைத் தெருவில் கழித்தவன். அங்கே மற்ற நாய்களிடம் அவன் என்ன பட்டானோ, நமக்குத் தெரியாது. இரண்டு வயதில் அவனைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்துவது, நீச்சல் தெரியாமல் தண்ணீருக்குப் பயப்படும் பிள்ளையைக் கிணற்றில் தள்ளிவிடுவது போன்றது.

மாமனார் சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர் தலைமுறைக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். 'எசமான்' என்ற அந்த எண்ணத்துக்கு, அடைப்பிடத்தில் வாழ்ந்த ஓநாய்கள் தலைமைக்காக மோதிக்கொள்வதைப் பார்த்து ருடால்ஃப் ஷென்கெல் என்ற ஆய்வாளர் 1947-இல் எழுதிய ஆய்வுதான் பெரிய ஆதாரமாக இருந்தது. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பம், அங்கே தலைமைக்கான அடிதடி அரிது என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் விளக்கினார். அதை விடுங்கள், மணியின் பக்கத்திலிருந்து பாருங்கள். எதிரே ஒரு நாய் தெரிகிறது, அதே நொடியில் கழுத்து நெரிகிறது. நாலு முறை இப்படி நடந்தால் 'நாய் வந்தால் வலிக்கும்' என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். அடுத்த முறை இன்னும் முன்கூட்டியே பாய்வான். அல்லது உறுமுவதை அடக்கிக்கொண்டு எச்சரிக்கை இல்லாமல் கடிப்பான். உறுமல் நமக்கு உதவி செய்யும் சத்தம், அதை அடித்து நிறுத்திவிடக் கூடாது. மாலையில் மணியை அழைத்துப் போவது மாமனார் என்றால், பயிற்சியாளர் வரும் நாளில் அவரும் கூட இருக்கட்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகப் பிடித்தால் நாய் குழம்பிப்போகும்.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்பிலோ காதிலோ வலி இருக்கும் நாய் மற்ற நாய்களைக் கிட்டே விடாது. வெறிநோய்த் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் அன்றே போட்டுவிடுங்கள். ('சொன்னால் கேட்பதே இல்லை' என்று வெள்ளை ராஜபாளையம் வளர்ப்பவர்கள் எழுதினால், செவித்திறனைப் பரிசோதியுங்கள் என்பேன், அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு.) கழுத்துப்பட்டைக்குப் பதிலாக மார்போடு அணிவிக்கும் ஹார்னஸ் வாங்குங்கள், கயிற்றை முன்பக்க வளையத்தில் மாட்டுங்கள். உங்கள் கைக்கும் அவன் கழுத்துக்கும் நல்லது.

பிறகு வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் பயிற்சியாளர் ஒருவரைப் பாருங்கள். 'என்னிடம் ஒரு மாதம் விட்டுவிடுங்கள், திருத்தித் தருகிறேன்' என்பவரிடம் போகாதீர்கள். அவர் சொல்லுக்குக் கட்டுப்படும் நாய் உங்கள் சொல்லுக்கும் கட்டுப்படும் என்று உறுதி இல்லை. அங்கே என்ன நடந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் செய்யப்போகும் முக்கியமான பயிற்சி எளியது, ஆனால் பொறுமை வேண்டும். மணி தின்னக்கூடிய தூரத்தில் நில்லுங்கள். அவன் எதிர்நாயைப் பார்க்கிறான், உடனே ஒரு துண்டு. மறுபடி பார்க்கிறான், மறுபடி ஒரு துண்டு. நாய் மறைந்ததும் தின்பண்டமும் நிற்கும். வேறு நாய் தெரிவதே நல்ல சேதி என்று அவன் மனத்தில் பதிந்தபின், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஒருநாள் அவன் குரைத்துப் பாய்ந்துவிட்டால் திட்டாதீர்கள். திரும்பி நடந்துவிடுங்கள், மறுநாள் தூரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் ஊர்த் தெருவில் ஒரு சிக்கல் உண்டு, வகுப்பு நடத்துபவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். வகுப்பில் மற்ற நாய்கள் கயிற்றில் இருக்கும். தெருவில் கட்டில்லாத நாய்கள் தங்கள் எல்லையைக் காக்கக் கூட்டமாக வரும். மைதானத்தில் அழகாக உட்காரும் நாய் தெருமுனையில் உட்காராது, ஏனென்றால் ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு நாய் தானாக எடுத்துச் செல்வதில்லை. ஆகவே பயிற்சியை நீங்கள் நடக்கும் தெருவிலேயே செய்ய வேண்டும். தெரு நாய்கள் எந்த முனையில் படுத்திருக்கின்றன என்று முதலில் மணி இல்லாமல் நடந்து பார்த்துவிட்டு, அவற்றைச் சுற்றிப்போகும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

பதினைந்து அடியில் இன்னொரு நாய் நிற்கும்போது மணி தின்னவும் உங்களைத் திரும்பிப் பார்க்கவும் தொடங்கிவிட்டால், கூட்டு வகுப்பைப் பற்றி மறுபடி யோசிக்கலாம். அப்போது அவனுக்கு அது நல்லதே செய்யும். சேர்வதற்கு முன் ஒரு ஞாயிறு மணியை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் வகுப்பைப் பாருங்கள். பார்க்கவே விடமாட்டோம் என்றால் அந்த இடம் வேண்டாம். ஆறேழு நாய்களுக்கு மேல் ஒருவரால் கவனிக்க முடியாது. தடுப்பூசிப் புத்தகம் கேட்கிறார்களா, வெயில் ஏறுவதற்குள் முடிக்கிறார்களா, பயந்த நாயை ஓரமாக நிறுத்த இடம் விடுகிறார்களா, இழுத்து நெரிக்கிறார்களா என்று கவனியுங்கள். அங்கே வரும் நாய்களின் வாலைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கட்டாமல் இரண்டு வாரத்துக்கு மட்டும் கட்டலாமா என்று கேளுங்கள். முதல் நாள் வாயிலுக்கு அருகில் நில்லுங்கள். மணி தின்பதை நிறுத்தினால் வகுப்பு பாதியில் இருந்தாலும் அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.