குழந்தைக்கு இரு கை பேக்ஹேண்டா, ஒரு கை பேக்ஹேண்டா?

கேள்வி: என் 9 வயது மகள் டென்னிஸ் கற்கத் தொடங்கியிருக்கிறாள். பேக்ஹேண்டை (மட்டை பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை அடிப்பது) இரு கைகளால் அடிக்கும்படி பயிற்சியாளர் சொல்கிறார். ஒரு கையால் அடிப்பதுதான் அழகு என்பது என் எண்ணம். எது நல்லது?

பயிற்சியாளர் சொல்வதே சரி. நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்தவன். 20 ஆண்டுகள் ஒரு கையால் அடித்து, முழங்கை வலி தாளாமல் 40 வயதுக்கு மேல் இரு கைக்கு மாறியதால், இரண்டின் சுகமும் சிரமமும் அனுபவத்தில் தெரியும்.

எங்கள் பகுதியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் மேற்கிலிருந்தும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் காற்று விடாமல் வீசும். ஒரு கையால் அடிப்பவர் பந்தை உடம்புக்கு நன்றாக முன்னால் சந்திக்க வேண்டும். அதற்குத் தோளிலிருந்து நீண்ட வீச்சு தேவை என்பதால், கடைசி நொடியில் காற்று பந்தைச் சற்றே நகர்த்தினாலும் அவருடைய கணக்கு தவறிவிடும். இரு கைகளால் அடிப்பவரின் வீச்சு குறுகியது. பந்தைக் கொஞ்சம் தாமதமாகச் சந்தித்தாலும் இரண்டாவது கை மட்டையைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். வேகமான சர்வைத் திருப்புவதற்கும் இதே காரணத்தால் இரு கை உதவுகிறது. தையில் ஒரு கையோடு ஆடி நான் தோற்ற ஆட்டங்களுக்குக் கணக்கில்லை.

உயரமாக எழும் பந்து அடுத்த சிக்கல். ஃபெடரரின் ஒரு கை பேக்ஹேண்டை ரசிக்காதவர் இல்லை. ஆனாலும் 2006, 2007, 2008 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரெஞ்சு ஓபன் இறுதிப் போட்டியில் நடாலிடம் அவர் தோற்றபோது, முன்னோக்கிச் சுழன்று வந்து, தோளுக்கு மேல் எழும்பிய டாப்ஸ்பின் பந்துகள்தான் அந்தப் பேக்ஹேண்டை வதைத்தன. 9 வயதுக் குழந்தைக்கு சாதாரணப் பந்தே தோள் உயரத்துக்கு எழும்பும். அந்த உயரத்தில் ஒற்றைக் கையால் அழுத்தி அடிக்கும் வலு அந்த வயதில் இருக்காது.

அழகு பற்றிய உங்கள் எண்ணத்தை நான் மறுக்கவில்லை. நாகர்கோவிலில் பிறந்து 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற ராமநாதன் கிருஷ்ணனும், பின்னால் வந்த விஜய் அமிர்தராஜும் ஒரு கையால்தான் அடித்தார்கள். பந்து தாழ்வாக வரும் புல்தரையில் அது பொருந்தியது. 2024 பிப்ரவரியிலோ, 1973இல் தரவரிசை தொடங்கிய பிறகு முதன்முறையாக, ஆண்கள் முதல் 10 இடங்களில் ஒரு கையால் பேக்ஹேண்ட் அடிப்பவர் ஒருவர்கூட இல்லாமல் போனார்.

இரு கைக்கும் குறைகள் உண்டு. எட்டும் தூரம் குறைவதால் அகலமாக வரும் பந்துக்குக் கூடுதலாக ஓரடி ஓட வேண்டும். கணுக்கால் உயரப் பந்துக்கு முழங்காலை ஆழமாக மடக்க வேண்டும். வலையருகே வாலி (பந்து தரையில் படும் முன்பே அடிப்பது) அடிக்கையில் இரு கைப் பழக்கம் பெரிய தடை. காயமும் இடம் மாறுமே தவிர, இல்லாமல் போகாது: ஒரு கையால் தவறாக அடித்தால் என்னைப்போல் முழங்கை போகும், இரு கையில் மற்றக் கையின் மணிக்கட்டு பாதிக்கப்படலாம். வலக்கைக்காரரான அர்ஜென்டினா ஆட்டக்காரர் டெல் போட்ரோ இடது மணிக்கட்டில் பலமுறை அறுவை செய்துகொண்டவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பேக்ஹேண்ட் பக்கம் பெரும்பாலும் ஒரு கை ஸ்லைஸை (பந்தின் அடிப்பக்கத்தைச் சீவி, பின்சுழற்சியோடு அனுப்பும் அடி) நம்பியே ஆடி வெள்ளி வென்றார். ஃபோர்ஹேண்டையும் (மட்டை பிடிக்கும் கையின் பக்கம் வரும் பந்தை அடிப்பது) இரு கையால் அடித்து 2013இல் விம்பிள்டன் வென்ற மரியோன் பார்டோலியைக் காட்டி யாராவது ஆசை காட்டினால் கேட்க வேண்டாம். எட்டும் தூரம் இரு பக்கமும் குறைந்துவிடும்.

ஆகவே இரு கையில் தொடங்கட்டும், ஆனால் முதல் ஆண்டுக்குள்ளேயே ஒரு கை ஸ்லைஸும் பழகட்டும். உங்கள் மகள் வலக்கைக்காரி என்றால், இந்த அடியை இடது கையின் ஃபோர்ஹேண்டாகவே நினைக்க வேண்டும். மாறிய புதிதில் நான் இடது கையைச் சும்மா மட்டையின்மேல் வைத்திருந்தேன். இரண்டு மாதம் பந்து வலையைத் தாண்டவேயில்லை. இடது கையால் மட்டும் நாளுக்கு 20 பந்துகள் அடிக்க வைத்தால் அந்தத் தவறு வராது. வலது கை கான்டினென்டல் கிரிப்பில் (சுத்தியலைப் பிடிப்பது போன்ற பிடி) இருக்கிறதா என்றும் பயிற்சியாளரிடம் கேட்டுவிடுங்கள். அப்படி இருந்தால் இடது கையை விட்டவுடனேயே, பிடியை மாற்றாமல் ஸ்லைஸ் அடிக்க முடியும்.