மூன்று வேலைகள் முடியாமல் போனால்: கேர்ஷீல்டு லைஃப் கேள்வி பதில்

பக்கவாதத்தில் படுத்த அம்மாவை ஆறு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தவள் நான். சிங்கப்பூரின் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியான கேர்ஷீல்டு லைஃப் பற்றி அப்போது கற்றதை வைத்தே இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு 32 வயது. என் மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கேர்ஷீல்டு லைஃப் சந்தா பிடிக்கிறார்கள். நான் கேட்கவே இல்லை. வெளியேற முடியுமா?

முடியாது தம்பி. 1980-லோ அதற்குப் பிறகோ பிறந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 30 வயதானதும் தானாகவே சேர்க்கப்படுவார்கள். 2020 அக்டோபரில் திட்டம் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். சந்தா 67 வயது வரை, காப்பு ஆயுள் முழுக்க. பெரிய மருத்துவமனை பில்லுக்கு மெடிஷீல்டு லைஃப் என்ற வேறு காப்புறுதி இருக்கிறது. ஆனால் வீடு திரும்பிய பிறகு மாதாமாதம் ஆகும் செலவு வேறு கணக்கு, அதற்குத்தான் கேர்ஷீல்டு. 65 வயதில் நன்றாக இருக்கும் இருவரில் ஒருவருக்குக் கடும் உடற்குறை, அதாவது குளிப்பது, உடுத்துவது போன்ற ஆறு அன்றாட வேலைகளில் மூன்றைத் தானே செய்ய முடியாத நிலை, வரக்கூடும் என்பது சுகாதார அமைச்சின் கணிப்பு. உங்கள் சந்தா வீண் போவதாக நினைக்காதீர்கள்.

மாதம் எவ்வளவு தருவார்கள்? போதுமா?

2020-ல் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வருடம் 2 விழுக்காடு கூடி 2025-ல் 662 ஆனது. 2026 முதல் 2030 வரை வருடத்துக்கு 4 விழுக்காடு கூடும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: பணம் வாங்கத் தொடங்கிய வருடத்துத் தொகை அப்படியே நின்றுவிடும், அப்புறம் ஏறாது.

போதாது என்பதுதான் என் அனுபவம். பணிப்பெண் சம்பளத்துக்கே அது சரியாகிவிடும். டயப்பர், பால்மாவு, இயன்முறை சிகிச்சை எல்லாம் கையிலிருந்துதான். அந்த இடைவெளிக்குத்தான் கிரேட் ஈஸ்டர்ன், இன்கம், சிங்லைஃப் ஆகிய மூன்று காப்புறுதி நிறுவனங்களும் கூடுதல் திட்டங்கள் விற்கின்றன. ஒருவருக்கு ஆண்டுக்கு 600 வெள்ளி வரை மெடிசேவிலிருந்தே கட்டலாம். வாங்கும்போது மாதத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை அன்றாட வேலைகள் முடியாமல் போனால் பணம் வரும் என்று கேளுங்கள். அடிப்படைத் திட்டத்துக்கு மூன்று. சில கூடுதல் திட்டங்களில் ஒன்றோ இரண்டோ போதும். எங்கள் வீட்டில் அம்மா மூன்றை எட்டும் முன்பே, இரண்டு வேலைகளுக்கு ஆள் வேண்டியிருந்த காலத்திலேயே சேமிப்பு கரைந்தது. உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுங்கள். நோய் வந்த பிறகு கூடுதல் திட்டம் கிடைப்பது கடினம்.

அம்மாவுக்கு மறதிநோய். நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் தனியே விட முடியாது. கோர முடியுமா?

எனக்கு மிகவும் வருத்தம் தரும் கேள்வி இது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றுக்கு எப்போதும் இன்னொருவர் கை தேவைப்பட வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது மட்டும் போதாது.

ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள்: யார் தண்ணீர் ஊற்றினார்கள், யார் பொத்தான் போட்டார்கள், கழிவறையில் யார் கழுவிவிட்டார்கள். மதிப்பீட்டாளர் முன்னால் நம் பெற்றோர், "நானே செய்வேன்" என்று மானத்துக்காகச் சொல்லிவிடுவார்கள். என் அம்மாவும் சொன்னார். நீங்கள் குறிப்பைக் காட்டி உண்மையைச் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமைச்சின் அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம்தான் போக வேண்டும். விண்ணப்பம் ஏஐசி எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புக்கு.

அம்மாவுக்கு இன்னும் புரிகிறது என்றால் நீடித்த அதிகாரப் பத்திரத்தை இந்த மாதமே செய்துவிடுங்கள். அவர் பணத்தையும் பராமரிப்பையும் பற்றிப் பின்னால் முடிவெடுக்க ஒருவருக்கு உரிமை வேண்டும்.

அப்பா 1958-ல் பிறந்தவர். எல்டர்ஷீல்டு இருக்கிறது. மாற்றலாமா?

எல்டர்ஷீல்டு என்பது கேர்ஷீல்டுக்கு முன் இருந்த திட்டம். முதலில் எந்த எல்டர்ஷீல்டு என்று பாருங்கள். பழையது மாதம் 300 வெள்ளி, 60 மாதம் மட்டும். 2007-ல் வந்தது 400 வெள்ளி, 72 மாதம். கேர்ஷீல்டு லைஃப் கடும் உடற்குறை இருக்கும்வரை தரும். கடும் உடற்குறை ஏற்கெனவே வந்திருந்தால் சேர முடியாது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். சந்தா வயதுக்கேற்ப அதிகம்தான், ஆனால் மெடிசேவில் இருப்பு இருந்தால் நான் மாறச் சொல்வேன்.

வேறு உதவி உண்டா?

கடும் உடற்குறை உள்ளவர் தம் மெடிசேவிலிருந்து மாதம் 200 வெள்ளி வரை ரொக்கமாக எடுக்கலாம், இருப்பைப் பொறுத்தது. வீட்டுப் பராமரிப்பு மானியம் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவது. பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வையும் 60 வெள்ளியாகக் குறையும். இவற்றுக்கெல்லாம் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம். ஏஐசியிடம் மூன்றையும் ஒரே நாளில் கேட்டுவிடுங்கள்.