பேர்லியா, ஹார்ட்லியா? சில ஆங்கிலச் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி: பேர்லி, ஹார்ட்லி இரண்டும் ஒன்றுதானே?

பதில்: பார்வைதான் வேறு. 35 மார்க்குக்குப் பாஸ் என்றால், 36 வாங்கியவன் 'பேர்லி பாஸ்டு'. எப்படியோ தேறிவிட்டான். 'ஐ ஹார்ட்லி நோ ஹிம்' என்பது இல்லை என்ற பக்கம் சாய்கிறது: அவரை அவ்வளவாகத் தெரியாது. இரண்டிலும் 'இல்லை' பாதி ஒளிந்திருக்கிறது, கூடவே 'நாட்' போடாதீர்கள். அப்புறம், கடினமாக உழைப்பவர் என்று சொல்ல 'வொர்க்ஸ் ஹார்ட்' போதும். 'ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் வேலையே செய்வதில்லை என்றாகிவிடும். வேலைக்கான விண்ணப்பத்தில் இது வந்தால் எனக்கு மனசு பதறும்.

கேள்வி: லேட்லி, ரீசென்ட்லி?

பதில்: 'கொஞ்ச நாளாகத் தூக்கமே இல்லை', இது லேட்லி. 'சமீபத்தில் வீடு மாறினோம்', இது ரீசென்ட்லி. ஒருமுறை நடந்து முடிந்ததற்கு லேட்லி ஒட்டாது.

கேள்வி: லண்டன் மேலாளர் என் அறிக்கையை 'க்வைட் குட்' என்றார். அது பாராட்டு இல்லை என்கிறான் நண்பன்.

பதில்: அமெரிக்கர் சொல்லியிருந்தால் பெரும்பாலும் 'ரொம்ப நன்று'. பிரிட்டனில் குரலைக் கவனிக்க வேண்டும். 'குட்'டை அழுத்தினால் நல்லது என்றே எடுத்துக்கொள்ளலாம். 'க்வைட்'டை அழுத்தினால் 'பரவாயில்லை'தான். எதைத் திருத்தலாம் என்று அவரிடமே கேளுங்கள். ஆனால் 'க்வைட் இம்பாசிபிள்' என்றால் அங்கேயும் 'அறவே முடியாது'. முடியாததில் கூடக்குறைய கிடையாதே.

கேள்வி: 'ப்ரெசென்ட்லி' என்றால் இப்போதா, பிறகா?

பதில்: எனக்கு மிகப் பிடித்த சொல் இது. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு 'உடனே' என்ற பொருள் உண்டு. பிறகு இங்கிலாந்தில் 'கொஞ்ச நேரத்தில்' என்று நழுவிவிட்டது. 'சூன்' என்ற சொல்லும் ஆதியில் 'உடனே'தான். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் 'இதோ வந்துட்டேன்' என்று குரல் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து எழுந்து போகிறோமே, அந்தப் பழக்கம் ஒரு ஊரே சேர்ந்து பல தலைமுறை செய்தால் சொல்லின் பொருளே தள்ளிப்போய்விடும். இதற்கிடையில் அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் 'இப்போது' என்ற பொருள் நன்றாகவே புழங்குகிறது. அதனால் அலுவலகக் கடிதத்தில் இதைத் தவிர்த்து, 'கரன்ட்லி' அல்லது 'சூன்' என்று எழுதிவிடுங்கள்.