பெங்களூரு ஸ்விஃப்டுக்கு விற்பவர் முன்பணம் கேட்கிறாரா?

பெங்களூருவில் ஒருவர் விற்கும் பழைய ஸ்விஃப்ட் காருக்கு, வண்டியைப் பார்க்காமலே ரூ.20,000 முன்பணம் அனுப்பலாமா என்று திருநெல்வேலியிலிருந்து கேட்கிறீர்கள். வேண்டாம் சார். முதலில் வண்டி எண்ணை எம்பரிவாகன் என்ற அரசு செயலியில் போட்டுப் பாருங்கள், இன்சூரன்ஸ் எதுவரை, முக்கியமாக வங்கிக் கடன் பதிவாகி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடன் இருந்தால் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணையின்மைச் சான்று) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வரும்வரை பேச்சே வேண்டாம். அப்புறம் அந்த ஊர் மெக்கானிக் ஒருவரோடு நேரில் போய், எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணை ஆர்சியோடு (பதிவுச் சான்று) நீங்களே ஒப்பிடுங்கள். கர்நாடகப் பதிவு என்பதால் அங்குள்ள ஆர்டிஓவிடம் படிவம் 28-ல் என்ஓசி வாங்கியாக வேண்டும், இங்கே சாலை வரியும் புதிதாகக் கட்ட வேண்டும்; மலிவு என்று நினைத்தது அங்கேயே கரைந்துவிடலாம், கணக்குப் போட்டு பேரம் பேசுங்கள். பணம் ஆர்சியில் உள்ளவர் கணக்குக்கு மட்டும், அதுவும் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் அவர் கையெழுத்துப் போட்ட பிறகு.